வயலில் இறங்கிய கடைத்தெரு

தஞ்சாவூரில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்று இருக்கிறது. வாசலில் தலைப்பாகை கட்டிய ஒருவர் கும்பிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுவார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்காது. காரணமில்லாமல் கும்பிடுகிறவனிடம் ஜாக்கிரதையாக இரு என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அதனால் என் மகளுடைய கல்யாணப் புடவையைக்கூட வேறு கடையில்தான் எடுத்தேன். அந்தக் கடைக்கு ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று அவள் கேட்டதற்கு, விலை ஜாஸ்தி என்று சொல்லித் தப்பித்தேன். அந்தக் கடை நிற்கிற இடத்தில் நாங்கள் நெல் நட்டோம் என்று சொன்னால், உடனே போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவாள்.

நகரம் வளர்கிறது என்று பேப்பரில் எழுதுகிறார்கள். ஏதோ வீட்டில் பிள்ளை வளர்வதைப் போல, தானாக, யார் குற்றமும் இல்லாமல். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடைத்தெரு தானாக வளராது. யாரோ ஒருவர் ரோட்டோரம் முதல் மூங்கிலை ஊன்றுகிறார். அதன் நிழலில் ஒரு சைக்கிள் வந்து நிற்கிறது. சைக்கிள் நின்றால் பஞ்சர் ஒட்டுகிறவன் வருவான். அவன் வந்தால் லாரிக்காரன் நிறுத்துவான். லாரி நிற்கிற இடத்தில் சிமெண்டு கோடவுன், பிறகு லாட்ஜ், பிறகு பேங்கு. பேங்கு வந்துவிட்டால் அப்புறம் வயல் என்று அங்கே ஒன்று இருந்ததை யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்த முதல் மூங்கிலை ஊன்றியது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அப்பாதான்.

அப்பாவின் அப்பா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். அப்பா தலையெடுத்த காலத்தில் சங்கம் வந்தது, கூலிச் சண்டை வந்தது, எங்கள் தெருமுனையில் இரண்டு வர்ணத்தில் கொடிக்கம்பங்கள் வந்தன. எல்லாம் வந்து ஓய்ந்தபோது பண்ணையாள் என்ற பேர் போய், அப்பாவுக்குக் குத்தகைதாரர் என்ற பேர் கிடைத்திருந்தது. டவுனை ஒட்டி, தார்ரோட்டின் ஓரத்தில், மிராசுதாரின் நிலத்தில் ஒன்பது மா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூன்று ஏக்கர் என்று சொன்னால் புரியும். குத்தகை நெல்லை ஒழுங்காக அளந்து, நிலத்தை ஒழுங்காகப் பயிர் செய்கிறவரை எங்களை யாரும் வெளியேற்ற முடியாது என்று சட்டம் இருந்தது. எங்களிடம் இருந்த ஒரே சொத்து அந்த உரிமைதான்.

உரிமை கிடைத்த நாளிலிருந்து அப்பாவுக்குச் சந்தேகமும் வந்துவிட்டது. மிராசுதாரைச் சந்தேகப்பட்டார், அது நியாயம். அவருடைய காரியங்களைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தரைச் சந்தேகப்பட்டார், அதுவும் நியாயம். பிறகு சங்கத்துத் தோழரையும் சந்தேகப்பட்டார். காரணம், தோழர் ஒருநாள் காரியஸ்தரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்ததை யாரோ பார்த்திருந்தார்கள். அப்பாவுக்குச் சந்தேகம் பசி மாதிரி, வேளைக்கு வந்துவிடும். அம்மாவுக்கு அது பழகிப்போய், கொஞ்சம் தொற்றியும் விட்டது. என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். யார் வீட்டுக்கு வந்தாலும், இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரே ஒரு ஆளை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. சர்க்கார் ஆள். அதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் குடியிருந்த குடிசையின் மனையும் மிராசுதாருடையதுதான். அதில் குடியிருக்கிறவனுக்கே அது சொந்தம் என்று அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. எனக்கு ஏழு வயதிருக்கும்போது, தாசில்தார் ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் தலையாரியோடு விசாரணைக்கு வந்தார். பெரியவர்கள் சொல்வதை நம்பாமலோ என்னவோ, வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்.

“பாப்பா, உங்க வீடு எது?”

அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தேன்.

“இதாங்க சார். நான் இங்கதான் பொறந்தேன். இங்கதான் சமைக்கிறோம், இங்கதான் படுக்கிறோம். எங்களுக்கு வேற எடம் கிடையாது.”

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். மழைக்காலத்துக்குள் மனைப்பட்டா வந்துவிட்டது. அப்பா தெருவெல்லாம் சொன்னார், மனையை வாங்கிக் கொடுத்ததே என் மகள்தான் என்று. அடுத்த இரண்டு வருஷம் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்குத்தான்.

எனக்குப் பத்து வயதானபோது, பஸ் ஸ்டாண்டை டவுனுக்கு வெளியே கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. டவுனுக்குள் இருந்த பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கடைகள் நெருக்கி, பஸ் திரும்ப இடமில்லாமல் போய்விட்டதாம். எங்கள் சாலையில் செம்மண் லாரிகள் ஓட ஆரம்பித்தன. அந்த வருஷம் சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரச்சேற்றில் தெளித்த உளுந்தைப் பங்குனியில் பிடுங்கி முடித்தோம். மறுநாளே காரியஸ்தர் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றார். கூடவே ஷூ போட்ட இரண்டு பேர். வயலுக்குள் இறங்கவில்லை, ரோட்டிலிருந்தே கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டார்கள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

டெல்டாவில் பயிர் நிற்கிற வயலில் யாரும் கைவைக்கமாட்டார்கள். போலீஸ்கூட வரப்பிலேயே நின்றுவிடும். ஆபத்தெல்லாம் கோடையில்தான். உளுந்து எடுத்த பிறகு, மேட்டூரில் தண்ணீர் திறந்து அது கல்லணைக் கால்வாயான புது ஆற்றில் வந்து சேர்கிறவரை, நிலம் வெடித்துக் கிடக்கும். அந்த மூன்று மாதத்தை எப்படிக் காப்பது என்று அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார். மூன்றாம் நாள் அவருக்கு வழி தெரிந்துவிட்டது. குடிசை இருந்ததால்தானே மனை நமக்கு வந்தது? அதே மாதிரி வயலிலும் ஒரு குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டால் எவன் எழுப்புவான்?

ரோட்டோரத்து வரப்பைத் தட்டி மேடாக்கி, ஆறு மூங்கில் ஊன்றி, கீற்று வேய்ந்து ஒரு கொட்டகை எழுந்தது. அதில் உட்கார ஆள் வேண்டும். அம்மாவின் தம்பி டவுனில் ஒரு ஓட்டலில் டீ மாஸ்டராக இருந்தார். எனக்கு மாமா. எந்நேரமும் சிரித்தபடி இருப்பவர், டீயை ஒரு முழத்துக்கு நூலாக இழுத்து ஆற்றுவார், ஒரு சொட்டு கீழே விழாது. அப்பா கூப்பிட்டதும் வந்துவிட்டார். சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. மறுவாரமே பாய்லர் வைத்துவிட்டார்.

செம்மண் லாரிக்காரர்கள் நிறுத்தினார்கள். நிழலில் சைக்கிள்கள் சாய்ந்தன. சைக்கிள்களைப் பார்த்து பஞ்சர் ஒட்டுகிற ஒருவர், இரண்டு முழ இடம் போதும் என்று பணிவாகக் கேட்டு வந்தார். அப்பா முதலில் முறைத்தார், பிறகு கூட்டம் கூடினால் மிராசுதார் பயப்படுவார் என்று சம்மதித்தார். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு அம்மாள் கூடையை இறக்கினாள். பிறகு ஒரு முடிவெட்டும் நாற்காலி வந்தது, கண்ணாடியைக் கொட்டகை மூங்கிலிலேயே மாட்டினார்கள். வைகாசி முடிவதற்குள் பஸ் டிரைவர்கள் அந்த இடத்துக்கு ‘டீக்கடை ஸ்டாப்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் வயலுக்கு பஸ் நிற்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். அப்பா என்னைக் கொட்டகையில் உட்காரவைத்து, பழைய பாடத்தை மறுபடி ஒப்பிக்கச் சொன்னார்.

“யாரு வந்து கேட்டாலும் அதையே சொல்லணும். புரியுதா? இங்கதான் சமைக்கிறோம், இங்கதான் படுக்கிறோம்.”

“சரிப்பா.”

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் நுரையோடு ஓடி வந்து எங்கள் மடையில் முட்டி நின்றது. அக்கம்பக்கத்தில் ஏர் இறங்கிவிட்டது. அன்று மத்தியானம் மாமா சாப்பிட வந்தவர், இலையில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்.

“மச்சான், கொட்டாயப் பிரிச்சிடலாம். அந்தக் கடைங்களையும் எழுப்பிட்டு, உழவு போட்டுக் குறுவை நட்டுடுவோம். கோடை தாண்டிடுச்சுல்ல.”

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். “ஏன்? யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. கடைக்கு வர்றவங்க பேசிக்கிறாங்க. பயிர் வச்சாதான் குத்தகையாம். கடை வச்சா அது வேறயாம்.”

“கடைக்கு யாரு வர்றா?”

“எல்லாரும்தான் வர்றாங்க. காரியஸ்தர்கூட வந்து டீ குடிச்சிட்டுப் போறாரு.”

அவ்வளவுதான். மாமா கை கழுவப் போனதும் அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரியஸ்தர் டீ குடிக்கிறாராம், அதை இவன் இவ்வளவு நாளாகச் சொல்லவில்லையாம், இப்போது கொட்டகையைப் பிரிக்கச் சொல்கிறானாம். “உன் தம்பிய வெலைக்கு வாங்கிட்டானுவோ,” என்றார் அப்பா மெதுவாக. அம்மா மறுத்துப் பேசவில்லை. தன் கூடப்பிறந்தவனை அம்மா ஏன் விட்டுக்கொடுத்தாள் என்று யோசித்திருக்கிறேன். பண்ணையாள் வீட்டில் பிறந்து பண்ணையாள் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கைக்கு வந்த நிலம் போய்விடும் என்ற பயத்துக்கு முன்னால் தம்பி என்ன, யாராயிருந்தால் என்ன.

கொட்டகை பிரிக்கப்படவில்லை. குறுவை நடப்படவில்லை. அப்பா என்னிடம், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கொட்டகைக்குப் போய் மாமா யாரோடு பேசுகிறார் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் பார்த்தேன். மாமா எல்லோரோடும் பேசினார். எனக்கு வடையும் பாலும் கொடுத்தார். வடை எதற்குக் கொடுக்கிறார் என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. சுற்றிலும் வயல்களெல்லாம் நட்டு முடிந்து பச்சை பிடித்திருந்தது. எங்கள் ஒன்பது மா மட்டும் பெஞ்சும் பாய்லரும் சைக்கிளுமாகச் சொறி பிடித்தது போலக் கிடந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்த ஊரில் கூலி நடவுக்குப் போயிருந்தார்கள். ஒரு ஜீப் வந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கினார், கையில் நோட்டு. பின்னாலேயே தலையாரி. தலையாரியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்த அதே தலையாரி. வந்திருப்பது சர்க்கார் ஆள். நமக்குப் பட்டா கொடுக்க வந்திருக்கிறார்!

அவர் மாமாவைக் கேட்டார். “இந்த நெலத்துல என்ன சாகுபடி?”

மாமா டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“நெல்லு வயல்தாங்க சார். கோடைக்கு மட்டும் சும்மா ஒரு கொட்டாய் போட்டோம். இதோ பிரிச்சிடுவோம். சம்பாவுக்கு நாத்து விட்டுடுவோங்க. இங்க யாரும் குடியில்ல, கடையும் நெரந்தரம் இல்ல.”

அப்பா சொன்னது சரிதான். இங்கே யாரும் குடியில்லை என்று சர்க்கார் ஆளிடமே சொல்கிறாரே! எங்களுக்கு வரப்போகிற பட்டாவை, அப்பாவும் அம்மாவும் இல்லாத நேரம் பார்த்து, வாய் கூசாமல் கெடுக்கிறாரே! நான் பெஞ்சிலிருந்து குதித்து நடுவில் போய் நின்றேன்.

“மாமா பொய் சொல்றாங்க சார். இங்கதான் நாங்க குடியிருக்கோம். இங்கதான் சமைக்கிறோம், இங்கதான் படுக்கிறோம். நெல்லெல்லாம் போடல சார். கடைதான். இனிமே கடைதான்.”

“பாப்பா, சும்மா இரு,” என்று மாமா என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

“நீங்க காரியஸ்தர் ஆளு, எனக்குத் தெரியும்!”

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து, இன்னொரு தடவை சொல்லு பாப்பா என்றார். அவர் எழுதுவதற்கு வசதியாக நான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் கடைகளை எண்ணிக்கொண்டார், காய்ந்து கிடந்த நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், ஜீப்பில் ஏறிப் போனார். மாமா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பாய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், டீ கேட்டவர்களுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மாட்டிக்கொண்டார் அல்லவா, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் அப்பாவிடம், ஆபீசர் வந்தார், மாமா இது நம் இடம் இல்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னார் என்று மட்டும் சொன்னேன். கையில் ஆதாரம் சிக்கட்டும் என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். என் சாமர்த்தியத்தைப் பட்டா வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அப்போதுதானே ருசிக்கும்.

பல வருஷம் கழித்து, சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு சட்டங்களையும் அடுத்தடுத்த பக்கங்களில் பார்த்தேன். மனைக்கு ஒரு சட்டம்: குடியிருந்தால் உனக்கு. குத்தகை நிலத்துக்கு ஒரு சட்டம்: பயிர் செய்தால் உனக்கு, வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் வெளியே போ. ஏழு வயதில் மனையைக் கொடுத்த அதே பதில்தான் பத்து வயதில் வயலை எடுத்துக்கொண்டது. மிராசுதார் வைகாசியிலேயே மனு போட்டுவிட்டார் என்பதும், ஜீப்பில் வந்தவர் அதை விசாரிக்கத்தான் வந்தார் என்பதும், காரியஸ்தர் தினமும் டீ குடிக்க வந்தது கடைகள் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று பார்க்கத்தான் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு எங்கள் வீட்டில் யாரையும் விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாங்களே எல்லாவற்றையும் செய்துகொடுத்தோம்.

தீபாவளிக்கு முன்னால் தீர்ப்பு வந்தது. வயல் போய்விட்டது. கொட்டகையை மிராசுதாரின் ஆட்கள் பிரிப்பார்கள் என்று அப்பா நினைத்தார், அவர்கள் பிரிக்கவில்லை. அவர்களுக்கு அது தேவைப்பட்டது. பஞ்சர்க்காரர் அதே பணிவோடு காரியஸ்தரிடம் இடத்தைப் பேசி முடித்துவிட்டார். பாய்லரை மட்டும் மாமா தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

அப்பா கையில் ஒரு தாள் வைத்திருந்தார். வக்கீல் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

“கொட்டாயில இருந்தவங்களே சொன்னாங்கன்னு எழுதியிருக்கு. பயிர் வைக்கல, கடைதான்னு. கொட்டாயில நீதான இருந்த?”

மாமா பாய்லரை இறக்கி வைத்தார். அம்மா பின்னால் நான் நின்றிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆமாம்ப்பா. மாமாதான் ஆபீசர்கிட்ட இங்க யாரும் குடியில்லன்னு சொன்னாங்க. நான் கேட்டேன்.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், “நான்தான் மச்சான் சொன்னேன். புத்தி கெட்டுப்போயி சொல்லிட்டேன்,” என்றார். அப்பா அடிக்கக் கையை ஓங்கினார், அடிக்கவில்லை. இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்றார். மாமா வேதாரண்யத்துக்கு, உப்பளத்துப் பக்கம் வேலை தேடிப் போவதாகச் சொல்லி, பாய்லரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, டீக்கடை ஸ்டாப்பில் பஸ் ஏறிப் போனார்.

அம்மா வெளியே எங்கும் போகாமல் கொல்லைப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளா என்று பார்க்கப் போனேன். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, அன்றைக்குக் கொட்டாயில் யார் யார் என்னென்ன பேசினார்கள், ஒன்று விடாமல் சொல் என்றாள். இவ்வளவு நாள் சேர்த்துவைத்திருந்ததைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? எழுந்து நின்றேன். மாமா சொன்னதை மாமா மாதிரியும், ஆபீசர் கேட்டதை ஆபீசர் மாதிரியும், நான் சொன்னதை அப்படியே, நிறுத்தி நிறுத்தி, கணீரென்று சொன்னேன்.

முடிப்பதற்குள் அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பாவுக்குக் கேட்டிருக்குமோ என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து ரோட்டைப் பார்த்து ஓடினாள், அங்கே பஸ் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. திரும்பி வந்து, “இத அப்பாகிட்ட எப்பவும் சொல்லாத. சாகுற வரைக்கும் சொல்லாத,” என்றாள்.

சரி என்றேன். அவ்வளவு நன்றாகச் சொன்னதை அப்பாவிடம் ஏன் சொல்லக்கூடாது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.